அறிக்கை கொடுத்த மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆடிட் அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டேன். அறுபது பக்கத்துக்கு மேல் போகிறது. முகப்புப் படத்தின் அளவு, பட்டனின் நிறம், மெனுவில் நெருக்கியடிக்கும் தலைப்புகள், பக்கத்தின் அடியில் எப்போதோ செத்துப்போன ஒரு ட்விட்டர் இணைப்பு என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட், அதன்மேல் சிவப்பு வட்டம். கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி முதலாளி, "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்று சொல்லிப் பேசிய பணத்தையும் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அவருடைய வெப்சைட்டைத் திறந்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று மனம் நொந்து எழுதியிருக்கிறாய். அவருக்கு அக்கறை இல்லை என்பது உன் தீர்ப்பு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கறை இல்லாதவர் ஆடிட்டுக்கே காசு கொடுத்திருக்க மாட்டார். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் அவர் யாரைக் கூப்பிட்டு என்ன சொல்ல வேண்டும்? அத்தனை பக்கத்தில் அது மட்டும் இல்லை. புதிதாக வந்த சமையல்காரர் பாத்திரத்தையெல்லாம் எண்ணி, நெளிசலைக் குறித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனது போல இருக்கிறது. எண்ணிக்கை சரிதான், ஆனால் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே.

தளத்தைப் பார்க்க வருகிறவர் ஏன் வாங்காமல் போகிறார் என்று தேடும் இந்த கன்வெர்ஷன் ஆடிட்டின் மதிப்பு அது கிளப்பிவிடும் மாற்றங்களில் இருக்கிறது. இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான். அப்படியென்றால் வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். இந்தக் கம்பெனியில் எதை மாற்ற முடியும், யார் மாற்றுவார், அதற்கு யார் சரி சொல்ல வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள். வெப்சைட்டைத் திறப்பது அதற்குப் பிறகு. உன் கிரைண்டர் கம்பெனிக்குத் தளம் செய்து கொடுத்தவர் முதலாளியின் மச்சினர் மகன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிதான் உன் கடிதத்திலேயே முக்கியமான தகவல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், எதைக் கூட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டாயா? "சேல்ஸ்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதோடு எழுந்து வந்துவிடாதே. கிரைண்டர் என்பது கல்லும் மோட்டாருமாகப் பத்துக் கிலோவைத் தாண்டுகிற பண்டம். கேஷ் ஆன் டெலிவரி பட்டனைப் பெரிதாக வைத்தால் ஆர்டர் எண்ணிக்கை ஏறும், உன் சார்ட்டும் அழகாக மேலே போகும். ஆனால் கதவைத் தட்டும்போது "வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளும் ஏறும். போக ஒரு கூலி, வர ஒரு கூலி, வழியில் கல் உடைந்தால் அது தனி. இதை அந்தத் தொழிலில் ஆர்டிஓ என்பார்கள். லைசென்ஸ் வாங்கப் போகும் ஆபீஸ் இல்லை, பொருள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. ஆகவே உன் அளவுகோல் ஆர்டர் ஆன எண்ணிக்கையா, வீட்டில் இறங்கிப் பணம் கைக்கு வந்த எண்ணிக்கையா என்று முதல் நாளே அவரோடு பேசி எழுதி வைத்துக்கொள். இந்த ஒரு பேச்சிலேயே அவர் உன்னை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குவார்.

அடுத்தது எண்கள். உன் அறிக்கை கூகுள் அனலிடிக்ஸ் காட்டியதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் செய்யாதே. கடையின் ஆர்டர் பட்டியலை ஒரு மாதத்துக்கு இறக்கு. பேமென்ட் கேட்வேயின் செட்டில்மென்ட் பட்டியலை அதே மாதத்துக்கு வாங்கு. அனலிடிக்ஸ் சொல்லும் பர்ச்சேஸ் எண்ணிக்கையைப் பக்கத்தில் வை. மூன்றும் ஒத்துப்போகும் கடையைக் காண்பது அரிது. ஏன் ஒத்துப்போவதில்லை என்று தோண்டினால்தான் உனக்குத் தொழில் பிடிபடும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது. வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்ட ஜிபே செயலிக்குப் போகிறார். பணம் போய்விட்டது, டிக் விழுந்துவிட்டது. அவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். பிரௌசருக்குத் திரும்பி வருவதேயில்லை. கேட்வே கடையின் சர்வருக்குச் செய்தி சொல்லிவிடுவதால் ஆர்டர் பதிவாகிறது. ஆனால் 'நன்றி' பக்கம் திறக்கவில்லை, அதில் ஒட்டியிருக்கும் அனலிடிக்ஸ் குறியீடும் ஓடவில்லை. அனலிடிக்ஸைப் பொறுத்தவரை அவர் செக்அவுட்டில் ஓடிப்போனவர். நீ அதைப் பார்த்து "கடைசிக் கட்டத்தில் பெரும் கசிவு" என்று சிவப்பில் எழுதியிருக்கிறாய். அதில் எவ்வளவு மெய்யான கசிவு, எவ்வளவு கணக்கில் வராத விற்பனை?

இதற்கு நேர் எதிரும் உண்டு. 'நன்றி' பக்கத்தை வாடிக்கையாளர் மறுபடி திறக்கும்போதெல்லாம், ஆர்டர் எண்ணைச் சேர்த்து அனுப்பாத தளங்களில் ஒரே விற்பனை இரண்டாகப் பதிவாகும். இன்னொன்று, பணம் கட்டிவிட்டுத் திரும்பி வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற இடத்தில் பேமென்ட் கேட்வேயின் பெயர் உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் அவர் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்து வந்தவராக இருப்பார். முதலாளி அந்த அட்டவணையை நம்பி இன்ஸ்டாகிராம் செலவை வெட்டிவிட்டால், பழி நாளைக்கு உன் ஆடிட்டின் மேல்தான் விழும். புள்ளியியல்காரர்கள் ட்வைமன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஓர் எண் பிரமாதமாகவோ விநோதமாகவோ தெரிந்தால், பெரும்பாலும் அது தப்பான எண்ணாகத்தான் இருக்கும். சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

"பழைய வருஷங்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்க" என்று முதலாளிகள் கேட்பார்கள். கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலையோடு புதுத் தகவல் வாங்குவதை நிறுத்திவிட்டது, அடுத்த வருஷம் பழைய கணக்கையும் மூடிவிட்டார்கள். எடுத்து வைக்காதவர்களுக்கு அந்தக் காலத்துக் கணக்கு இல்லை. கடையின் பில் சாஃப்ட்வேரில் இருக்கும். அங்கே போய்த் தேடு.

இனி மனிதர்கள். உன் அறிக்கையில் முதலாளி வருகிறார், கூகுள் வருகிறது, ஹீட்மேப் வருகிறது. அந்தக் கம்பெனியில் போன் எடுக்கும் பெண் ஒருவர் இருப்பாரே, அவர் எங்கே? அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு நாள் உட்கார். வாட்ஸ்அப் பிசினஸில் வந்த கேள்விகளை மேலிருந்து கீழே வரை படி. கிரைண்டர் வாங்குகிறவர் என்ன கேட்பார்? "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் போதுமா, ரெண்டு லிட்டர் வேணுமா?" "டில்டிங்கா, டேபிள் டாப்பா, எது கழுவச் சுலபம்?" "தேங்காய் துருவி கூடவே வருமா, தனியா வாங்கணுமா?" "கல்லு உடைஞ்சு வந்தா என்ன செய்வீங்க?" "எங்க ஊர்ல சர்வீஸ் இருக்கா?" இந்தக் கேள்விகளில் எத்தனைக்கு அந்தப் பொருள் பக்கத்தில் பதில் இருக்கிறது? நான் திறந்து பார்த்தேன். மோட்டார் வாட்ஸ் இருக்கிறது, ஏபிஎஸ் பாடி இருக்கிறது, புவிசார் குறியீட்டுப் பெருமை இருக்கிறது. நாலு பேர் வீட்டுக்கு எது என்பது இல்லை. போன் செய்யத் தெம்பு உள்ளவர் போன் செய்து வாங்குகிறார். மற்றவர்கள் அமேசானுக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு கேள்வியும் வந்திருக்கும், கேட்டுப் பார்: "இது 110 வோல்ட்டில் ஓடுமா?" நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கிற நம் மக்கள் கேட்பது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் வாங்கி விமானத்தில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். கம்பெனி 110 வோல்ட் மாடல் செய்கிறதென்றால் அது தளத்தில் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். செய்யவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் அங்கே போய் மோட்டார் சரியாக ஓடாமல் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுவார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் வேறு. இவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை, படிவம்தான் பிரச்சினை. இதைச் செக்அவுட்டில் நானே செய்து பார்த்தேன். மொபைல் எண் கேட்கும் கட்டம் பத்து இலக்கம்தான் வாங்குகிறது. சிங்கப்பூர் எண்ணைப் போட்டால் எட்டு இலக்கம். அடியில் சிவப்பில் "சரியான எண்ணைக் கொடுக்கவும்" என்கிறது. சரியான எண்ணைத்தான் கொடுத்தேன். அம்மாவின் எண்ணைப் போட்டுத் தாண்டினால், உறுதி செய்ய ஓடிபி அம்மாவின் போனுக்குப் போகிறது. அங்கே நேரம் இரவு பதினொன்றாக இருந்தால் அம்மா தூங்கியிருப்பார். அதையும் தாண்டினால் கார்டு. இந்தியக் கேட்வேக்களில் வெளிநாட்டுக் கார்டு வாங்கும் வசதியைத் தனியாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். கடைக்காரர் கேட்கவில்லை போலிருக்கிறது, கார்டு மறுக்கப்பட்டது. காரணம் சொல்லாமல் "ஏதோ தவறு நேர்ந்தது" என்ற ஒரு வரி. இத்தனை தடைக்கும் காரணம் மூன்றே மூன்று அமைப்புகள். ஒரு டெவலப்பருக்கு ஒரு மத்தியான வேலை, கேட்வேக்கு ஒரு விண்ணப்பம். உன் அறிக்கையில் இது ஒரு வரிகூட இல்லை, பட்டன் ஆரஞ்சாக இருக்க வேண்டுமா பச்சையாக இருக்க வேண்டுமா என்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி நீ எழுதியது ஏன் என்று எனக்குத் தெரியும். இந்தத் துறையின் பழங்கதைகள் எல்லாமே பட்டன் கதைகளாகத்தான் நம் காதுக்கு வருகின்றன. '30 கோடி டாலர் பட்டன்' என்று ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய கதையைக் கேட்டிருப்பாய். பெரிய ஆன்லைன் கடை ஒன்றில், பணம் கட்டும் முன் 'ரெஜிஸ்டர்' செய்யச் சொல்லும் பட்டனை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கியவர் எண்ணிக்கை 45 சதவீதம் ஏறியது, முதல் வருஷத்தில் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம் என்பது கதை. எல்லாரும் பட்டனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பொருள் வாங்கும் தேவை உள்ள ஆட்களைக் கூப்பிட்டு, கையில் பணமும் கொடுத்து, வாங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் தடவை வருகிறவருக்கு ரெஜிஸ்டர் தொல்லை. பழைய வாடிக்கையாளருக்குப் பாஸ்வேர்டு நினைவில்லை. அங்கே ஒரு நாளைக்கு 1,60,000 பேர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த எண் அந்தக் கடையின் சர்வரில் எப்போதும் இருந்ததுதான், கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே நீயும் பார். ஆட்களைத் தேடி அலைய வேண்டாம். உன் அத்தை, மாடிவீட்டு அக்கா, ஜிம்முக்கு வரும் நண்பன் என்று ஐந்து பேர் போதும். வாய் திறக்காமல் இரு, அதுதான் கஷ்டம். "இங்கே அழுத்துங்க" என்று சொல்லத் துடிக்கும் நாக்கைக் கடித்துக்கொள். அவர்கள் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள். முடிந்தால் அவர்களின் போனிலேயே பார்க்கச் சொல். மூன்று வருஷப் பழைய ஆண்ட்ராய்டு, கீறல் விழுந்த திரை, பெரிதாக்கிய எழுத்து. உன் மேக்புக்கில் கச்சிதமாக இருக்கும் 'வாங்க' பட்டன் அங்கே பாதி திரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். அந்தத் தளத்தின் விளம்பரம் இன்ஸ்டாகிராமில் ஓடுகிறதென்றால், இன்ஸ்டாகிராமுக்கு உள்ளேயே திறக்கும் பிரௌசரில் ஒரு தடவை யுபிஐயில் பணம் கட்டிப் பார். சில தளங்களில் அங்கிருந்து ஜிபே திறக்காது, வெள்ளைத் திரை நிற்கும். டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து ஆடிட் செய்கிறவருக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது.

நீ தனியாக உட்கார்ந்து பட்டியல் வைத்து டிக் அடித்தது வீண் என்று சொல்லவில்லை. ஜேகப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-ல் அந்த முறையைச் சொன்னார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் ஒரே ஆள் பார்த்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக் கோளாறுதான் கண்ணில் படுகிறது என்று நீல்சனே கணக்குக் காட்டியிருக்கிறார். மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்து, பிறகு சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. உன்னோடு படித்த இன்னொரு பையனுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தாவது பார்க்கச் சொல். அவன் தளத்துக்கு நீயும் பார்த்துக் கொடு.

வேகத்தைப் பற்றி நீ எழுதிய எட்டுப் பக்கத்தை அரைப் பக்கமாக்கலாம். முக்கியமான உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் திரையில் வர வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. கூகுள் சொல்லும் அளவுகள் இவைதான். அவர்கள் தளத்தில் குற்றவாளி ஒன்றே: கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய முகப்புப் படங்கள். சுருக்கிப் போட்டால் முடிந்தது.

கூரியர் கட்டணத்துக்கு வா. கோபன்ஹேகனில் இருக்கும் பேமார்ட் இன்ஸ்டிட்யூட், வாங்க வந்தவர்கள் ஏன் பாதியில் விட்டுப்போகிறார்கள் என்பதைப் பல வருஷமாக ஆராய்கிறது. கார்ட்டில் பொருள் போட்டவர்களில் சுமார் எழுபது சதவீதம் பேர் வாங்காமல் போகிறார்கள் என்பது அவர்கள் தொகுத்த சராசரி. அந்த எண்ணைக் காட்டி முதலாளியைப் பயமுறுத்தாதே. சும்மா பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம். மெய்யாகவே வாங்க நினைத்தவர்கள் விட்டுப்போவதற்குச் சொல்லும் காரணங்களில் முதலில் நிற்பது, கடைசியில் ஏறும் கூடுதல் செலவு. கிரைண்டரின் கனத்துக்குக் கூரியர் கட்டணம் சின்னது இல்லை. அது பின்கோடு போட்டு, முகவரி எழுதி, பெயர் எழுதி முடித்த பிறகுதான் தலை காட்டுகிறது. பொருள் பக்கத்திலேயே பின்கோடு கேட்டு, கட்டணத்தையும் வந்து சேரும் நாளையும் சொல்லிவிடலாம். மொத்த விலையை ஒரே தொகையாக, எது எதற்கு எவ்வளவு என்ற பிரிவோடு காட்ட வேண்டும் என்பது 2020-ஆம் வருஷ மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது.

விதி என்றதும் இன்னொன்று. நீ அறிக்கையில் "ஸ்டாக் இன்னும் 2 மட்டுமே" என்ற வாசகத்தையும் ஓடும் கடிகாரத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறாய். ஸ்டாக் மெய்யாகவே இரண்டுதான் இருக்கிறதா? கிடங்கில் இருநூறு இருக்கும்போது அப்படிப் போட்டால் அது பொய். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி பதினைந்து நிமிஷத்திலிருந்து ஓடும் கடிகாரமும் பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லி விலக்கியிருக்கின்றன. போலி அவசரம் முதலில் நிற்கிறது. கேட்காமல் கார்ட்டில் எதையாவது செருகுவதும், கொஞ்சம் கொஞ்சமாக விலையை ஏற்றிக் காட்டுவதும் அதே பட்டியல். சட்டம் இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். இருபது வருஷம் உழைக்கும் கல்லை விற்கிற கம்பெனி, பதினைந்து நிமிஷக் கடிகாரத்தைக் காட்டி யாரை அவசரப்படுத்துகிறது? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு.

பிறகு அந்தக் கடைசி அத்தியாயம்: பழைய பக்கத்தைப் பாதிப் பேருக்கும் புதுப் பக்கத்தை மீதிப் பேருக்கும் காட்டி ஒப்பிடும் ஏபி டெஸ்ட்கள் பன்னிரண்டுக்குத் திட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தாயா? தளத்துக்கு ஒரு நாளைக்கு 400 பேர் வருகிறார்கள், நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு 2.2 ஆகிறதா என்பதைத் திடமாகச் சொல்ல, வழக்கமான சூத்திரப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் 78,000 பேருக்கு மேல் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தால் ஒரு டெஸ்ட்டே ஒரு வருஷத்தைத் தாண்டும். பன்னிரண்டு டெஸ்ட் முடிவதற்குள் முதலாளியின் பேரன் தொழிலுக்கு வந்துவிடுவான். இரண்டு மூன்றாகிற அளவுக்குப் பெரிய மாற்றம் என்றால் பக்கத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர் போதும். சின்னக் கடைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: பட்டன் நிறம் போன்ற அற்பத்தைச் சோதிக்க உனக்குக் கூட்டம் இல்லை. தெளிவாகத் தெரியும் உடைசலைச் சோதனை இல்லாமலே சரி செய்துவிடு. முன்னும் பின்னும் ஒப்பிடும்போது தீபாவளி, பொங்கல், சம்பளத் தேதி, விளம்பரச் செலவு ஏறிய வாரம் இதையெல்லாம் கழித்துப் பார்.

கூட்டம் உள்ளவர்களுக்கும் அனுபவம் ஒன்றும் இனிப்பாக இல்லை. மைக்ரோசாஃப்ட்டில் சோதனைகளை நடத்திய ரான் கோஹவி, அங்கே போட்ட யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் பலன் கொடுத்தது, ஒரு பங்கு எதுவும் செய்யவில்லை, ஒரு பங்கு கெடுத்தது என்கிறார். அதே ஆள் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. 2012-ல் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பை நீளமாக்கும் சின்ன யோசனை ஒன்று, முக்கியமில்லை என்று மாதக்கணக்கில் பட்டியலின் அடியில் கிடந்தது. ஓர் எஞ்சினியர் வேலை சுலபம்தானே என்று செய்து பார்த்தார். வருமானம் 12 சதவீதம் ஏறியது, அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல். நீ ஒவ்வொரு குறைக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வரிசைப்படுத்தியிருக்கிறாயே, அந்த மார்க்கை ரொம்ப நம்பாதே. ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம் என்றால் மார்க் குறைவாக இருந்தாலும் செய்துவிடச் சொல்.

இப்போது அந்த மச்சினர் மகன். உன் அறிக்கையில் "அடிப்படையே தெரியாமல் உருவாக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை யார் படிப்பார் என்று யோசித்தாயா? முதலாளி அந்த ஃபைலை முதலில் ஃபார்வர்ட் செய்வது அந்தப் பையனுக்குத்தான். "மாமா, அவர் சொல்றதெல்லாம் புத்தகத்துல இருக்கிறது, நம்ம தளத்துக்குச் சரிப்படாது" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மாத மௌனத்துக்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்தப் பையன் ஒரு காலத்தில், பட்ஜெட்டே இல்லாமல், ராத்திரி உட்கார்ந்து அந்தத் தளத்தைச் செய்து கொடுத்திருப்பான். இன்றைக்கும் மாற்றம் செய்யப் போகிறவன் அவன்தான். அறிக்கை எழுதுமுன் அவனோடு ஒரு டீ சாப்பிடு. எதை மாற்றப் பயப்படுகிறான், எந்த பிளகின்னைத் தொட்டால் தளமே விழுந்துவிடும், முதலாளியிடம் எத்தனை தடவை எதைச் சொல்லி நடக்கவில்லை என்று கேள். நீ கண்டுபிடித்ததாக நினைப்பதில் பாதி அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதை அறிக்கையில் அவன் பெயரிலேயே எழுது.

அறிக்கையை மெயிலில் தட்டிவிட்டு உட்காராதே. முதலாளி, அந்தப் பையன், போன் எடுக்கும் பெண் மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசு. ஸ்லைடு வேண்டாம். நீ பதிவு செய்த காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டு: ஒரு வாடிக்கையாளர் மொபைல் எண் கட்டத்தில் மூன்று தடவை மோதிவிட்டு மூடிவிட்டுப் போவது. மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம்தான், இதைப் பதிவு செய்து தரும். வாடிக்கையாளர் எழுதும் பெயரும் எண்ணும் மறைந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள். அந்த ஒரு நிமிஷக் காட்சி முதலாளியை நாற்காலி நுனிக்குக் கொண்டுவரும். உன் அறுபது பக்கத்தால் அது முடியாது.

எழுத வேண்டியதை மூன்று பக்கத்தில் எழுது. உடனே செய்ய வேண்டியவை ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, யார் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், சரியானதா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. மாற்றி எழுத வேண்டிய வாசகங்களை நீயே எழுதிக் கொடு. "பொருள் விவரத்தைத் தெளிவாக்கவும்" என்று எழுதாதே. 'நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் போதும்' என்ற வரியையே எழுதிக் கொடு, அந்தப் பையன் அப்படியே ஒட்டிவிடுவான். மீதி எல்லாம் பின்னிணைப்பில் கிடக்கட்டும், யாரும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சில தளங்களுக்கு ஆடிட்டே வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிற கடைக்கு முதல் தேவை கூட்டம். அதே கிரைண்டர் அமேசானில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்றால், செக்அவுட்டை எவ்வளவு தேய்த்து மெருகேற்றினாலும் ஆகாது. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு எழுந்து வா. அன்றைக்குக் காசு வராது, ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

கடைசியாகக் கட்டணம். அறிக்கை கொடுத்ததும் முழுப் பணம் என்று இனி பேசாதே. பாதியை அறிக்கைக்கு வாங்கு. மீதியை, பட்டியலின் முதல் இரண்டு மாற்றங்கள் தளத்தில் ஏறிய பிறகு வாங்கு. ஏறிய ஆறு வாரத்தில் நீ மறுபடி வந்து எண்களைப் பார்த்துச் சொல்வதும் அந்தத் தொகைக்குள் அடக்கம் என்று எழுதிக் கொடு. அவர்கள் இழுத்தடித்தால் என்ன செய்வது என்று கேட்பாய். தொண்ணூறு நாளுக்குள் ஏறாவிட்டாலும் மீதித் தொகை தர வேண்டும் என்று ஒரு வரி சேர். அந்த வரியில் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டால், மச்சினர் மகனுக்கு அவரே தினமும் போன் செய்வார். கிரைண்டர் கம்பெனிக்கும் இன்னொரு தடவை போ, புதுக் கட்டணம் எதுவும் கேட்காமல். மொபைல் எண் கட்டம், வெளிநாட்டுக் கார்டு, பின்கோடு போட்டால் கூரியர் கட்டணம், இந்த மூன்றை மட்டும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போ. போகுமுன் அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்